தாயின் பக்கத்தில் இருப்பவருக்கு: கருவுற்ற நாள் முதல் குழந்தையின் ஆறாம் வாரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தை பிறந்த அறையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். அதுவரை தாயையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அத்தனையும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடும். எடை எவ்வளவு, யார் சாயல், நன்றாக அழுததா என்று எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்கையில், கருப்பை சுருங்கி உதிரப்போக்கு அடங்கவேண்டிய நிலையில், கைகால் நடுங்க ஒரு பெண் அங்கே படுத்திருப்பார். அந்த நேரத்திலும் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கப்போகிறவருக்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நீங்கள் அவருடைய கணவராக இருக்கலாம். அம்மாவாகவோ, அக்காவாகவோ, தோழியாகவோ, பயிற்சி பெற்ற பிரசவத் துணையாகவோ இருக்கலாம். செய்யவேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

பிரசவத்தின்போது ஒருவர் இடைவிடாமல் உடனிருப்பதால் என்ன பயன் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் ஆகிய குழந்தை மருத்துவர்கள் இடம்பெற்ற குழு ஒன்று குவாத்தமாலாவில் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்து, முதுகைத் தடவிப் பேசிக்கொண்டிருந்ததே பிரசவ நேரத்தைக் குறைத்தது தெரியவந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்துப் பார்த்த 26 ஆய்வுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றிருந்தார்கள். தொடர்ந்து துணை கிடைத்தவர்களிடையே சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, பிரசவத்தைக் கசப்பான அனுபவமாகச் சொன்னவர்களும் குறைவாகவே இருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரே தேர்ந்தெடுத்த ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ‘அவரே தேர்ந்தெடுத்த’ என்னும் சொல்லை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். உறவு முறைப்படி யாருக்கு உரிமை என்பதைவிட, யார் பக்கத்தில் இருந்தால் அவருடைய தோள்கள் தளர்கின்றன என்பதே கணக்கு.

முதல் படி: உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

துணையாக இருப்பவர் மருத்துவம் பார்ப்பவர் அல்லர். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது, மருந்து கொடுப்பது, கொடுத்த மருந்தை நிறுத்துவது ஆகியவை மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியவை. உங்களுக்கு உரியவை நான்கு: உடனிருத்தல், கவனித்தல், உடலுக்கு இதம் தருதல், தேவைப்படும்போது அவருடைய குரலை மற்றவர்களுக்குக் கேட்கச் செய்தல். இவற்றுள் கவனித்தல்தான் கடினம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நமக்கு அறிவுரை சொல்வதற்கு வாய் முந்திக்கொண்டு வந்துவிடும்.

கர்ப்ப காலத்தில் ஒரு முறையாவது, வேறு யாரும் இல்லாத இடத்தில் அவருடன் தனியாக அமர்ந்து பேசுங்கள். எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முந்தைய கருச்சிதைவு, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, இந்தக் குழந்தை இப்போது வேண்டுமா என்ற தயக்கம் போன்றவை நாலு பேர் நடுவில் வெளிவரமாட்டா. அப்படி வந்த எதையும் அவருடைய அனுமதியின்றி இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது.

கர்ப்ப காலத்தின் தொடக்கம்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. கர்ப்பம் என்று உறுதியாவதற்கு முன்பே அந்த நாட்கள் கடந்துவிடலாம். ஆகவேதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கி, குறைந்தது 12 வாரம் வரை தொடரும்படி சொல்கிறார்கள். முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துவந்தாலோ அளவு மாறும்; அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வாந்தியும் குமட்டலும் இருக்கும் வாரங்களில் வயிறு காலியாக இருந்தால் தொல்லை கூடும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே சிறிது உலர்ந்த உணவு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, குடிப்பதைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில் வைத்துக்கொள்வது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. சமையல் வாசனை தாங்கவில்லை என்றால் அடுப்படியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறத்தில் போகிறது, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை அன்று. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் மிகப் பலர். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தோ, மலச்சிக்கலைத் தாங்கமுடியாமலோ நிறுத்துவார்கள். கறுப்பு நிறம் மாத்திரையால் வருவது, அதனால் கெடுதல் இல்லை என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். காபி, தேநீருடன் சேர்த்து எடுத்தால் இரும்பு சரியாக உடலில் சேராது. புளிப்புள்ள பழங்களுடன் எடுத்தால் நன்றாகச் சேரும். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக்கொடுக்காதீர்கள். குறிப்பாக இபுபுரூஃபன் வகை வலி நிவாரணிகளை 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. வீட்டில் புகைப்பவர் இருந்தால் அந்தப் பேச்சை அவரிடம் பேசுவதும் உங்கள் வேலைதான். கர்ப்பிணியே கெஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது.

பரிசோதனைகளும், நீங்கள் வைத்திருக்க வேண்டிய நோட்டும்

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது எட்டுப் பரிசோதனைகளைச் சொல்கிறது: முதலாவது 12 வாரத்துக்குள், பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40 ஆகிய வாரங்களில். ஒரு நோட்டை வாங்கி, ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் இருந்ததா இல்லையா என்பவற்றைத் தேதியுடன் எழுதுங்கள். ஒரு தனி எண் சொல்லாததை எண்களின் வரிசை சொல்லிவிடும். இரத்த அழுத்தத்தில் மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டால் அன்றே கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் பொதுவாக இரத்தசோகை என்று கணக்கில் எடுப்பார்கள். கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் நடக்கும். மருத்துவரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை முந்தின நாளே அதே நோட்டில் எழுதிவைத்தால், உள்ளே போனதும் மறந்துபோகும் தொல்லை இல்லை.

குழந்தையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும். முதல் பிரசவக்காரர்களுக்குச் சற்றுத் தாமதமாகலாம். நாளடைவில் அந்தக் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் உருவாகிவிடும். பிரசவம் நெருங்கும்போது அசைவு குறைவது இயல்பு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. அசைவின் தன்மை மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால், இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் புறப்படுங்கள். பரிசோதித்து நலமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான். அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் தயங்காமல் போகலாம்.

28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் ஒருக்களித்துத் தூங்கப் போவது நல்லது. நடுவில் விழித்துப் பார்க்கையில் மல்லாந்து கிடந்தால் பதற வேண்டியதில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் எந்த நேரத்தில் வந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கும் ஆலோசனைக்கும் இடமில்லை, நேரே மருத்துவமனைதான்.

- பிறப்புறுப்பிலிருந்து இரத்தப்போக்கு
- விடாத கடுமையான தலைவலி, கண் மங்குதல், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிதல்
- முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மேல் வயிற்றில் விலா எலும்புக்குக் கீழே கடும் வலி
- வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல்
- காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலுடன் குளிர் நடுக்கம்
- 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, அல்லது பனிக்குட நீர்க் கசிவு

தலைவலியும் கண் மங்கலும், கர்ப்ப கால இரத்த அழுத்த நோயான முன்சூல்வலிப்பின் (ப்ரீஎக்லாம்ப்சியா) அடையாளமாக இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு வரக்கூடிய இந்த நோயில் தாய்க்கு உடம்பு பெரிதாக ஒன்றும் செய்யாமலேகூட இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால்தான் அளந்து பார்ப்பதை வலியுறுத்துகிறோம்.

34 வாரத்துக்குள் முடித்துவைக்க வேண்டியவை

ஒரே தாளில் இரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துவரும் மருந்துகள், முந்தைய பிரசவ விவரம் ஆகியவற்றை எழுதி ஸ்கேன் அறிக்கைகளுடன் வைத்துவிடுங்கள். நள்ளிரவில் எந்த வண்டி, அது வராவிட்டால் வேறு எது, மூத்த குழந்தை இருந்தால் யாரிடம் விடுவது என்பதை முடிவு செய்துவிடுங்கள். பையில் என்னென்ன வைப்பது என்று மருத்துவமனையே ஒரு பட்டியல் தரும். அதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

அதிகம் பேசவேண்டியது விருப்பங்களைப் பற்றி. அறைக்குள் யார் இருக்கலாம், யார் வேண்டாம்? வலி நிவாரணம் பற்றி இப்போது என்ன நினைக்கிறார்? தொடுவது பிடிக்குமா, பேச்சு பிடிக்குமா, அமைதி பிடிக்குமா? சிசேரியன் என்று ஆகிவிட்டால் குழந்தையை முதலில் யார் நெஞ்சில் அணைக்க வேண்டும்? இவற்றை எழுதும்போதே, வலி வந்த பிறகு அவர் மனம் மாறினால் அந்த மாற்றமே செல்லும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் காப்பாற்றவேண்டியது அந்த நேரத்தில் அவர் சொல்லும் சொல்லைத்தான். தாளில் எழுதியதை அன்று.

வலி தொடங்கும்போது

பொய் வலி எழுந்து நடந்தாலோ, பக்கம் மாறிப் படுத்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ அடங்கும். உண்மையான பிரசவ வலி எதற்கும் அடங்காமல், நேரம் செல்லச் செல்ல நீண்டு, வலுத்து, நெருங்கி வரும். ஒரு வலி தொடங்கிய நொடியிலிருந்து அடுத்த வலி தொடங்கும் நொடிவரை உள்ளதுதான் இடைவெளி. முதல் பிரசவமாக இருந்து வேறு சிக்கல் இல்லையென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அப்படியே வந்துகொண்டிருந்தால் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. இரண்டாவது பிரசவம், தொலைவான மருத்துவமனை, ஏற்கெனவே சிக்கலான கர்ப்பம் என்றால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முன்பே போய்விட வேண்டும்.

பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். தெளிந்த நீர் இயல்பு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். சிவப்பாக இருந்தால் இரத்தப்போக்கு. இரண்டிலும் உடனே புறப்பட வேண்டும். அரிதாகத் தொப்புள்கொடி முதலில் வெளியே வந்துவிடுவதுண்டு. அப்போது தாயை முழங்காலிட்டு, மார்பு தரையில் படியக் குனிந்து, இடுப்பு உயர்ந்திருக்கும்படி வைத்து, கொடியைத் தொடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தொடக்க வலிகள் பல மணி நேரம் நீளலாம். அந்த நேரத்தில் எளிதில் செரிக்கும் உணவு, தூக்கம், வெந்நீர்க் குளியல், மங்கலான வெளிச்சம் ஆகியவை போதும். வீட்டிலுள்ளோர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு வலியையும் எண்ணிக்கொண்டிருந்தால் அவர் மருத்துவமனைக்குப் போவதற்குள்ளேயே களைத்துவிடுவார். நீங்களும் அப்போதே சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்துகொள்ளுங்கள்.

வலி முற்றும்போது: கைகளால் செய்யக்கூடியவை

கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தீவிரக் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வரையறுத்தது. அதிலிருந்து முழுமையாகத் திறப்பதற்கு முதல் பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய விதி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்பதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ‘இன்னும் ஆறு சென்டிமீட்டர்தானா’ என்று அறைக்குள் யாராவது அலுத்துக்கொண்டால், அதைத் தாயின் காதில் விழாமல் தடுப்பதும் ஒரு சேவை.

படுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் நிற்கலாம், நடக்கலாம், நாற்காலியின் முதுகில் சாய்ந்து முன்னோக்கிக் குனியலாம், முழங்காலும் கையும் ஊன்றி இருக்கலாம். அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவர் தடுக்காதவரை, வலிக்கும் வலிக்கும் நடுவில் ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். வேண்டுமா என்று கேட்காமல் குழலை உதட்டருகே கொண்டுபோனால் போதும், வேண்டியவர் உறிஞ்சுவார். இரண்டு மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்கத் தடையாகும். வலியின் மும்முரத்தில் அவருக்கு அந்த உணர்வே தெரியாமல் போகலாம்.

பிரசவ வலி முதுகு வலியாக வருகிறவர்களுக்குக் கையால் அழுத்துவதைப்போல் இதம் தருவது வேறு அதிகம் இல்லை. அவர் முன்னோக்கிச் சாய்ந்திருக்கையில், முதுகுத்தண்டு முடியும் இடத்தில், இரு பிட்டங்களும் பிரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே தட்டையான எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் பதித்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையையே கொடுத்து அழுத்த வேண்டும். தடவுவதோ தட்டுவதோ போதாது. நான் உடனிருந்த ஒரு பிரசவத்தில், முதல் சில வலிகளுக்கு நான் நோகடித்துவிடுவேனோ என்று மெல்லத்தான் அழுத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, “அங்கதான் அக்கா, இன்னும் நல்லா அமுக்குங்க, கையை எடுத்துடாதீங்க” என்றார். எடையை முழுதாகக் கொடுத்ததும், இறுகியிருந்த அவருடைய தோள் பட்டைகள் மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வலி தொடங்கும் முன்பும் அவர் மூச்சு மாறுவதைக் கேட்டே என் கை அந்த இடத்துக்குப் போய்விடும். இரு கைகளாலும் இடுப்பின் இரு புறமும் பிடித்து உள்ளும் மேலுமாக நெருக்குவது இன்னொரு முறை. எது பிடிக்கிறது என்பதை வலி அடங்கிய பிறகு கேளுங்கள். வலிக்கும்போது கேள்வி கேட்காதீர்கள்.

மூச்சுக்குச் சிக்கலான பயிற்சி எதுவும் தேவையில்லை. வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும், தாடை தளர்ந்திருக்கட்டும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டால், ‘மூச்சு விடுங்கள்’ என்று கட்டளையிடுவதைவிட, அவர் கண்ணெதிரே நீங்களே நீளமாக ஊதிக்காட்டினால் அவரும் சேர்ந்து ஊதத் தொடங்கிவிடுவார்.

எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும்போது பலருக்கு உடல் நடுங்கும், வாந்தி வரும், குளிரும் வெக்கையும் மாறிமாறி வரும். “என்னால முடியாது, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்பார்கள். புதிதாக உடனிருப்பவர் இங்கேதான் கலங்கிப்போவார். பெரும்பாலும் முடிவு நெருங்கிவிட்டதன் அடையாளம் அது. “முடியும், முடியும்” என்று மறுத்துப் பேசாமல், “ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. நான் இங்கேயேதான் இருக்கேன். இந்த ஒரு வலியை மட்டும் பார்ப்போம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஒரே ஒருவர் பேசினால் போதும்.

எபிடூரல், அதாவது முதுகுத்தண்டருகே ஊசி வழியாகக் கொடுக்கும் மரப்பு மருந்து, வேண்டுமென்று அவர் கேட்டால் அது தோல்வி ஆகாது. அதைச் செவிலியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். போட்ட பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. மரத்த கால்களைப் பக்கம் மாற்றி வைக்க, கால்களுக்கு இடையே தலையணை வைக்க ஆள் வேண்டும். ஊசியோ, கருவியோ, வேறு தலையீடோ பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இது எதற்காக, இதனால் என்ன நன்மை தீமை, சற்றுக் காத்திருந்தால் என்ன ஆகும்? அவசரம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் வழிவிட்டு விலகி, அவர் தலைமாட்டுக்குப் போய், நடப்பதை ஒவ்வொன்றாக அவர் காதில் சொல்லிக்கொண்டிருங்கள்.

குழந்தை வெளிவரும் நேரமும் முதல் ஒரு மணியும்

முழுமையாகத் திறந்த பிறகு முதல் பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை, அடுத்தவற்றில் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். உடலே முக்கத் தூண்டும்போது முக்குவதுதான் முறை. வயிற்றின் மேற்புறத்தை அழுத்திக் குழந்தையை வெளியே தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் ஒருபோதும் அதற்குக் கை கொடுக்காதீர்கள்.

பிறந்த குழந்தையைத் துடைத்து, உடையின்றித் தாயின் வெறும் மார்பில் கவிழ்த்துப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் கட்டாமல், ஒன்று முதல் மூன்று நிமிடம்வரை காத்திருந்தால் நஞ்சுக்கொடியிலிருந்து கூடுதல் இரத்தம் குழந்தைக்குச் சேரும். பின்னால் இரும்புச்சத்துக் குறைவதைத் தடுக்க அது உதவும். பிறந்த குழந்தையின் நிலையை அறிய மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் வகுத்த மதிப்பெண்ணை ஒன்றாவது, ஐந்தாவது நிமிடங்களில் போடுவார்கள். நிறம், இதயத்துடிப்பு, எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண். அது அந்த நேரத்து நிலையைக் காட்டுவது மட்டுமே. குழந்தையின் எதிர்கால அறிவுக்கு அளவுகோல் அன்று. இரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். எடை பார்ப்பதும் மற்றவையும் முதல் ஒரு மணி நேரம் கழித்து நடக்கலாம்; குளிப்பாட்டுவதை 24 மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். சிசேரியன் ஆனாலும் தாய் விழிப்புடன் நலமாக இருந்தால் அதே மேசையில் குழந்தையை மார்பில் வைக்க முடியும், கேட்டுப் பாருங்கள்.

முதல் 24 மணி நேரம்: தாயைப் பாருங்கள்

பிரசவத்தால் நேரும் தாய் மரணங்களில் பெரும்பங்கு உதிரப்போக்கினால் வருகிறது. நஞ்சுக்கொடி வெளிவரவும் கருப்பை சுருங்கவும் ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். தொப்புள் மட்டத்தில் கருப்பை கெட்டியான பந்துபோல் இருக்க வேண்டும். அடிக்கடி சோதிப்பது செவிலியர் பொறுப்பு. ஆனால் பேட் நனையும் வேகத்தை முதலில் காணக்கூடியவர் நீங்கள்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தால், பெரிய இரத்தக் கட்டிகள் வந்தால், அவர் வெளிறி, வியர்த்து, படபடப்பாக இருக்கிறது என்றால், யாராவது வரட்டும் என்று காத்திராமல் குரல் கொடுங்கள். பிறந்த உடனே வரும் நடுக்கம் மட்டும் இயல்பு. ஒரு கம்பளி போதும்.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் முறை எழும்போது நேராக எழவிடாதீர்கள்: கட்டிலின் விளிம்பில் சில நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று உறுதியான பிறகு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எழட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம்வரை கவனம் வேண்டும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதையில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத தலைவலி ஆகியவை அவசர நிலைகள். முன்சூல்வலிப்பு குழந்தை பிறந்த பிறகும் வரலாம். தூக்கம் இல்லாததால் வந்த தலைவலி என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

பால் கொடுத்தல்

முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குவது நல்லது. முதலில் வரும் சீம்பால் அளவில் குறைவாகத்தான் இருக்கும். குழந்தையின் வயிறும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். பால் ‘இறங்குவது’ பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி. அதற்குள், ‘பால் இல்லை, பாவம் குழந்தை’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல் தாயின் தன்னம்பிக்கையைக் குலைப்பதுபோல் வேறெதுவும் குலைப்பதில்லை என்பது என் அனுபவம்.

குழந்தை வாயில் கவ்வும் விதம்தான் பாதி வெற்றி. குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மூக்குக்கு நேரே மார்க்காம்பு வரட்டும். மேலுதட்டில் காம்பு பட்டதும் குழந்தை தலையைச் சற்று அண்ணாந்து வாயைக் கொட்டாவி விடுவதுபோல் அகலத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தைக்குக் குனிந்து கொண்டுபோகக் கூடாது. சரியாகக் கவ்வியிருந்தால் கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும், முகவாய் மார்பில் புதைந்திருக்கும், கருவட்டம் கீழ்ப்புறத்தைவிட மேற்புறத்தில் அதிகம் தெரியும். வேகமாக இரண்டு மூன்று முறை உறிஞ்சி, பிறகு மெதுவாக ஆழ்ந்து உறிஞ்சி, விழுங்கும் சத்தம் கேட்கும். தொடக்கத்தில் சில நொடி இழுப்பதுபோல் வலிக்கலாம். அதற்குமேல் வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி போடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் காம்பு வெடித்துவிடும்.

நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கேட்பது இயல்பு. பால் போதுமா என்பதை நாப்கின் சொல்லும்: முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரு முறை என்று ஈரம் கூடி, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து ஆறு முறைக்கு மேல் நனைய வேண்டும். கறுப்புப் பிசினாகப் போன மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் சிறிது குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உடனே பார்க்க வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கடும் நோய் வரும் ஆபத்து உண்டு. நாக்கில் ஒரு துளி தொட்டு வைப்பதும் கூடாது.

மார்பு கல்லாகிப் பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி பால் கொடுத்து, நடுவில் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பார்த்தபடியே பால் கொடுப்பதைத் தொடரலாம். மருத்துவக் காரணத்தாலோ, தாயின் முடிவாலோ பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால், கொதிக்கவைத்த நீர், சுத்தமான பாத்திரம், டப்பாவில் சொல்லிய அளவு ஆகிய மூன்றையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சி ஏற்றாதீர்கள்.

குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது

1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் தம் மருத்துவமனை மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தபோதே தாய் மரணங்கள் சரேலென்று குறைந்தன. குழந்தையைத் தூக்க வரும் ஒவ்வொருவரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதற்குக் கூச்சப்படாதீர்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குணமான பிறகு வரட்டும்.

உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கை கால் சற்றுக் குளிர்ந்திருப்பது பொருட்டில்லை. மார்பையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்குக் கங்காரு பராமரிப்பு உயிர் காக்கும். கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் 1970-களின் இறுதியில் தொடங்கிய இந்த முறையில், குழந்தை தாயின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டி, நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். தந்தையோ நீங்களோகூட முறை வைத்துச் சுமக்கலாம்.

தொப்புள் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானே உதிரும். காய்ந்து, காற்றோட்டமாக, டயப்பருக்கு வெளியே இருந்தால் போதும். மருத்துவர் சொல்லாத எதையும் தடவ வேண்டாம். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தட்டையான உறுதியான படுக்கையில். தலையணையோ, தளர்ந்த போர்வையோ, பொம்மையோ அருகில் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரங்கள் 1990-களில் நடந்த நாடுகளில் சிசுக்களின் திடீர் மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது.

முதல் வாரத்தில் லேசான மஞ்சள் நிறம் பல குழந்தைகளுக்கு வரும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை மந்தமாகிப் பால் குடிக்காவிட்டாலோ அது அவசரம். பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கையில் விலா உள்வாங்குவது, உடல் சுடுவது அல்லது சில்லிட்டுப்போவது, தூண்டினால் மட்டுமே அசைவது ஆகியவையும் அவ்வாறே. அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். தாங்கமுடியாமல் போனால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சற்று நேரம் மூச்சு வாங்கலாம். எந்தக் காரணம்கொண்டும் குலுக்கக் கூடாது.

தாயின் மனமும் ஆறு வாரங்களும்

மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். தணியாமல் நீண்டாலோ, எதிலும் ஆர்வமின்றி, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், ‘நான் நல்ல தாய் இல்லை’ என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். அது மருத்துவத்தால் தீரக்கூடியது. 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் பத்தே கேள்விகளில் இதைக் கண்டறிய உதவுகிறது. பரிசோதனையின்போது அதைக் கேட்டுப் பெறலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாத நம்பிக்கைகள், நாட்கணக்காகத் தூக்கமே தேவைப்படாத படபடப்பு ஆகியவை தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி தூக்கம். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, அடுத்த பசிவரை அவரைக் கதவு சாத்திய அறையில் விட்டுவிடுங்கள். பார்க்க வருபவர்களின் நேரத்தை நீங்களே கட்டுப்படுத்துங்கள். அந்தப் பழிச்சொல்லை நீங்கள் ஏற்றுக்கொள்வது அவருக்கு எளிது.

பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள், ஏழு முதல் பதினான்கு நாளுக்குள், ஆறாவது வாரத்தில் என மூன்று முறையாவது தாயையும் குழந்தையையும் காட்ட வேண்டும். ஆறாம் வாரத்துக்குள் அடுத்த கருவைத் தள்ளிப்போடுவது பற்றியும் பேசிவிட வேண்டும். மாதவிலக்கு திரும்பும் முன்பே கருத்தரிக்க முடியும். அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி நல்லது. அந்தக் கடைசிச் சந்திப்பில் குழந்தையின் எடையும் தடுப்பூசியுமே நேரத்தை எடுத்துக்கொண்டுவிடும். இருமும்போது சிறுநீர் கசிகிறது, தையல் இன்னும் வலிக்கிறது, உறவை நினைத்தால் பயமாக இருக்கிறது என்பவை சொல்லப்படாமலே வீடு திரும்பும். முந்தின இரவே அவர் அவற்றை அந்த நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். குழந்தை அழுதால் நீங்கள் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய், அவர் மருத்துவரிடம் பேசி முடிக்கும்வரை அங்கேயே உலாவிக்கொண்டிருங்கள்.